இரண்டு மணி நேரத் தண்ணீர்

அகரம்தென்
19.01.2025

தம்பி மோகன்ராஜுக்கு,

அக்கா ஜெயக்கொடி எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, ஓவியா மூன்று பேரும் இருக்கிறபடி இருக்கிறோம். சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியில் நின்றபடியே வாட்ச்மேன் வேலை பார்த்து மாமாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. சந்திரிகாவும் சின்னவனும் சுகமா?

அகரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்கு ஒரு கடிதமா என்று சிரிப்பாய். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். மீட்டிங் முடிந்து நீ திரும்பக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. அதனால் அந்தப் பக்கம் கீரை ஏற்றிக்கொண்டு வரும் எலியேசர் அண்ணன் வேனில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் சேர்த்துவிடுவார்.

பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தாய், சந்தோஷம். கரும்பை இறக்கி வைத்த கையோடு ஊரார் நடுவில் நீ சொன்னதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. "தாவீது சென்ட்டுக்கு எடுக்கறதுல பாதி கூட அக்கா எடுக்கல. பொம்பளைங்க பண்ற விவசாயம் டைம்பாஸ் மாதிரி" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமாவும் சிரித்தார். அவருக்கு வீட்டில் தனியாகப் பதில் சொல்லியாகிவிட்டது.

உனக்கு இப்போது சொல்கிறேன். உன் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிற தாவீதுக்கு விடிந்ததும் தண்ணீர். கிணறு நிறைந்திருக்கும்போது மோட்டாரைப் போட்டுப் பத்து மணி வரை பாய்ச்சுகிறான். அவன் பாய்ச்சி ஓய்ந்த பிறகு, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், என் அரை ஏக்கருக்கு நான் மடை திறக்கிறேன். குழாயில் வருவது தண்ணீரா காற்றா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும். கீரை தினம் தண்ணீர் கேட்கிற பயிர். நடுப்பகலில் வாய்க்காலில் சுட்டுக்கொண்டு வருகிற தண்ணீரைக் குடித்தால் அது முத்திப்போகாமல் வேறு என்ன செய்யும்? சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் போனால் "கெணறு யார் பேர்ல கீதும்மா" என்கிறார்கள். உன் பேரில் இருக்கிறது. அப்பா பாகம் எழுதியபோது எனக்கு நிலம் எழுதினார், கிணற்றில் பங்கு எழுதவில்லை. "கெணத்துல பாதி கேட்டா தம்பி மனசு நோவும்டீ, நாளைக்கு உன் பொண்ணுக்குத் தாய்மாமனா வந்து நிக்க மாட்டான்" என்று அம்மா என் காதில் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

எனக்கும் ஒரு தடவை விடியற்காலைத் தண்ணீர் கொடுத்துப் பார். அப்புறம் யாருடைய விவசாயம் டைம்பாஸ் என்று பேசலாம். சீராக எதையும் கேட்கவில்லை. கிணற்றில் பாதியை என் பேரில் எழுதிக் கொடு என்று இப்போதாவது வாய் திறந்து கேட்கிறேன்.

சின்னவனுக்கு என் முத்தம். பையில் இரண்டு கட்டு அரைக்கீரை இருக்கிறது.

உன் அக்கா,
ஜெயக்கொடி


மேடவாக்கம்
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் ஓகே. மாமா முட்டியை ஒரு ஆர்த்தோ டாக்டரிடம் காட்டச் சொல். கீரை கிடைத்தது, சந்திரிகா கடைந்தாள், நன்றாக இருந்தது.

பொங்கல் அன்று ஜாலியாகச் சொன்னதை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. ஆனால் எமோஷனை ஓரமாக வைத்துவிட்டு எகனாமிக்ஸாகப் பார் அக்கா. தண்ணீர் ஒரு ரிசோர்ஸ். விவசாயத்துக்குக் கரண்ட் ஃப்ரீ என்பதால் தண்ணீரும் ஃப்ரீ என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை கட்டு கீரை வருகிறது? அதுதான் எஃபிஷியன்சி. எங்கள் ஆபீஸில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை, அவுட்புட் என்ன என்றுதான் பார்ப்பார்கள்.

அதனால் ஒரு ட்ரையல். இந்த மாதத்திலிருந்து காலையில் முதல் தண்ணீர் உனக்கு. தாவீதிடம் சொல்லிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான், பரவாயில்லை. எவ்வளவு குறைந்த தண்ணீரில் எவ்வளவு எடுக்க முடியும் என்று செய்து காட்டு. நீ ப்ரூவ் பண்ணினால் பங்கு விஷயம் உட்கார்ந்து பேசலாம்.

ஒன்று மட்டும். போன் வேண்டாம். பேச ஆரம்பித்தால் இரண்டு பேரும் கத்துவோம். இப்போது எழுதியதுபோல எழுதியே அனுப்பு. தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும், எனக்கு டிராக் பண்ண வசதி.

அன்புடன்,
மோகன்


அகரம்தென்
09.03.2025

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

நாங்கள் சுகம். டாக்டரிடம் போகச் சொன்னால் மாமா தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உனக்கு வயிற்றுப் புண் என்று சந்திரிகா எலியேசர் அண்ணனிடம் சொன்னாளாம். மணத்தக்காளிக் கீரை அனுப்பியிருக்கிறேன், வெறும் வயிற்றில் சாப்பிடு.

"பேசலாம்" என்று எழுதியிருக்கிறாய், "தருகிறேன்" என்று எழுதவில்லை. அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் உன் வாயிலிருந்து பங்கு என்ற வார்த்தை வந்ததே பெரிசு என்று எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டேன்.

நம் வாய்க்கால் மண் வாய்க்கால். கிணற்றடியிலிருந்து என் பாத்திக்கு வருவதற்குள் பாதித் தண்ணீரை மண்ணே குடித்துவிடும். சிமெண்ட் பூச என்னிடம் ஏது? தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசேஷம் முடிந்து கழற்றிப் போட்ட பேனர்கள் மலைபோல் கிடந்தன. கேட்டேன், எடுத்துக்கொண்டு போ தாயே என்றார்கள். சுருட்டிச் சுருட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர், "இன்னாம்மா, மாநாடு எதுனா நடத்தப் போறியா" என்றார். வாய்க்கால் முழுக்க விரித்து இரண்டு பக்கமும் மண் அணைத்தேன். இப்போது சொட்டு வீணாகாமல் வருகிறது. மாப்பிள்ளைகள், பெண்கள், காதுகுத்தின குழந்தைகள், மீசை முறுக்கின தாய்மாமன்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் சிரித்துக்கொண்டு கிடக்கிறார்கள். தாவீது பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தெனம் வாய்க்கால்ல கல்யாணம் வெச்சிகினுகீற" என்றான்.

விதை முளைக்கிற வரை பாத்தியை வைக்கோலால் மூடி வைத்தேன், ஈரம் நின்றது. பொழுது விடிகிற நேரத்தில் பாய்ச்சுவதால் தண்ணீர் வேருக்குப் போகிறது, வெயிலுக்குப் போவதில்லை. முன்பு நாலு மணி நேரம் ஓடின மோட்டார் இப்போது இரண்டு மணி நேரம் ஓடுகிறது. நேற்றைக்கு எலியேசர் அண்ணன் வேனில் என் கட்டுகளுக்கு இடம் போதவில்லை. அஸ்தினாபுரம் கடைக்காரர் "அந்த மெத்துனு கீற கீரை வந்துச்சா" என்று என்னுடையதைத் தனியாகக் கேட்கிறாராம். சென்ட்டுக்குத் தாவீதைவிட நான் கூட எடுத்திருக்கிறேன். அவனே ஒப்புக்கொண்டான். ஊரார் நடுவில் நீ சிரித்தாயே, அதே ஊரார் நடுவில் இதையும் சொல்வாயா?

உன் அக்கா,
ஜெயக்கொடி


மேடவாக்கம்
16.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மணத்தக்காளி நன்றாகக் கேட்கிறது.

சூப்பர் அக்கா. நிஜமாகவே இம்ப்ரெஸ் ஆகிவிட்டேன். பேனர் ஐடியாவை ஆபீஸில் சொன்னேன், எல்லோரும் கை தட்டினார்கள்.

சில டீட்டெயில் வேண்டும். உனக்கு தினம் இரண்டு மணி நேரம் போதுமா, கோடை முழுக்கப் போதுமா? நீ நிறுத்தும்போது கிணற்றில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் நிற்கிறது? மறுபடி ஊற எவ்வளவு நேரம் ஆகிறது? நீ எப்போதும் கதை மாதிரி எழுதுகிறாய். இதை மட்டும் தெளிவாக எழுது. கையெழுத்து மறக்காதே.

அன்புடன்,
மோகன்


அகரம்தென்
30.03.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். இந்தத் தடவை எனக்கு எழுதும்போதே சிரிப்பு வருகிறது. என் விவசாயத்தைப் பற்றி வீட்டில் ஒருத்தர் இத்தனை கேள்வி கேட்டு இன்றுதான் பார்க்கிறேன். அப்பா கேட்டதில்லை. கட்டினவர் கேட்டதில்லை. நீ கேட்கிறாய்.

தெளிவாக எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். எனக்குத் தினம் காலை இரண்டு மணி நேரம் போதும். கோடையிலும் போதும். நான் நிறுத்தும்போது கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் மறுபடி மேல்படி வரை ஊறிவிடுகிறது. தாவீதும் பேனர் விரித்துச் செய்தால் அவனுக்கும் இதேபோல் போதும், நான் சொல்லித் தருகிறேன். இந்த வருஷம் சித்திரையிலும் கிணறு வற்றாது. ஊரில் எல்லாக் கிணறும் காய்ந்து கிடக்கும்போது நம் கிணறு மட்டும் நிற்கும். அப்பா இருந்தால் வந்து எட்டிப் பார்த்திருப்பார்.

இன்னொரு நல்ல சேதி. ஓவியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பல்லாவரத்தில் மாப்பிள்ளைக்கு ஏசி மெக்கானிக் வேலை, கெட்ட பழக்கம் இல்லை. ஆவணியில் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள். முதல் கேள்வியே "தாய்மாமன் யாரு, இன்னா பண்றாரு" என்பதுதான். உன் கம்பெனி பேரைச் சொன்னதும் மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீ இல்லாமல் அந்த மேடையில் எங்களுக்கு முகம் இல்லை.

பங்கு விஷயத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் எழுதி முடித்துவிடலாமா? உனக்கு எந்த ஞாயிறு தோதுப்படும் என்று எழுது. நான் வெளியே எங்கும் போகவில்லை.

உன் பாசமுள்ள அக்கா,
ஜெயக்கொடி


அகரம்தென்
04.05.2025

மோகனுக்கு,

சுகம்தான். ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து எலியேசர் அண்ணனிடம் விசாரித்தேன். நீ காலையில் வாக்கிங் போகிறாய் என்றார்.

சித்திரை முதல் வாரம் தாவீதைக் குத்தகையிலிருந்து நிறுத்தினாய். அவன் என்னிடம் வந்து, "நீதான் சார் காதுல ஓதிட்ட" என்று காறித் துப்பாத குறையாகப் பேசிவிட்டுப் போனான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பாத்தியையும் எனக்கே செய்யக் கொடுக்கப் போகிறாய் என்று, என் புத்தி, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் மோட்டாரை நிறுத்தினதும் ஒரு டேங்கர் லாரி கிணற்றடிக்கு வந்தது. டிரைவர் இறங்கி, நம் மோட்டாரிலேயே அவன் பைப்பைச் சொருகினான். யாரைக் கேட்டு எடுக்கிறாய் என்றேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். "இன்னாம்மா பேஜார் பண்ற. ஓனர் சார் கரீட்டா சொல்லிகீறாரு. லேடி ஒருத்தங்க காலைல ரெண்டு அவர் எடுப்பாங்க, அவங்களுக்கு அது போதும், மீதி நம்பளுதுன்னு."

இரண்டு மணி நேரம் போதும் என்று நான் ஒருத்தருக்குத்தான் எழுதினேன்.

பஸ்ஸில் பேனர் சுருட்டிக் கொண்டுவந்து, வைக்கோல் சுமந்து, குறுக்கு ஒடிய நான் மிச்சம் பிடித்த தண்ணீர் அது. நீ மிச்சம் பிடித்ததா? இதற்குத்தான் கிணறு எப்போது ஊறுகிறது என்று கேட்டாயா? இல்லை என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

ஜெயக்கொடி


மேடவாக்கம்
12.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் பி.பி. ஏற்றிக்கொள்ளாதே.

நீ இப்படி ரியாக்ட் பண்ணுவாய் என்று தெரிந்துதான் முன்னாலேயே சொல்லவில்லை. இதில் உனக்கு என்ன நஷ்டம்? உன் இரண்டு மணி நேரத்தில் நான் கை வைக்கவில்லை. மிச்சத் தண்ணீர் கிணற்றில் சும்மா நிற்கிறது. மேடவாக்கத்தில் அப்பார்ட்மென்ட்காரர்கள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறார்கள். தினம் ஆறு லோடு நம் கிணற்றிலிருந்து போகிறது. அந்த ஆறு லோடு தண்ணீரில் நீ வருஷம் முழுக்கக் கீரை போட்டாலும் அந்த வருமானம் வராது. இதைத்தான் எகனாமிக்ஸ் என்று முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு ஃபிளாட் லோன் இருக்கிறது, ஓவியாவுக்குச் சீர் செய்ய வேண்டும், எல்லாம் எங்கிருந்து வரும்?

பங்கைப் பற்றி. யோசித்துப் பார்த்தேன். உனக்கு இரண்டு மணி நேரம்தான் தேவை, அது உனக்குக் கிடைக்கிறது. அப்புறம் பாதிக் கிணறு எதற்கு? நான் சொல்லவில்லை, நீயே எழுதியிருக்கிறாய், கோடையிலும் போதும் என்று. உன் கையெழுத்தோடு என்னிடம் இருக்கிறது. வக்கீலிடமும் காட்டிவிட்டேன். தேவை எவ்வளவு என்று அவரவரே ஒப்புக்கொண்ட பிறகு பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றார்.

கல்யாண நேரத்தில் அக்கா தம்பி சண்டை என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் உனக்குத்தான் அசிங்கம். தாய்மாமனாக என் கடமையில் ஒரு குறை வைக்க மாட்டேன். நிம்மதியாக இரு.

அன்புடன்,
மோகன்


மேடவாக்கம்
08.06.2025

அண்ணிக்கு,

சந்திரிகா எழுதுகிறேன். நீங்கள், அண்ணன், ஓவியா நலமா? சின்னவனுக்கு உடம்பெல்லாம் சொறி, டாக்டர் தண்ணீர் மாறியதால் என்கிறார். இது நான் எழுதியது என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

போன வாரம் எங்கள் அப்பார்ட்மென்ட் சம்ப் தொட்டியில் லாரிக்காரன் தண்ணீர் இறக்கினான். கலங்கலாக, சேற்று வாடையோடு இருந்தது. எங்கிருந்து என்று கேட்டேன். அகரத்தில் ஒரு விவசாயக் கிணறு என்றான். அது நம் கிணறுதான், அண்ணி. நீங்கள் கீரைக்கு விடுகிற தண்ணீரில் நாங்கள் கார் கழுவிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் எனக்குப் படித்துக் காட்டுவார். வாய்க்காலில் கல்யாணம் என்று தாவீது சொன்னதைப் படித்து இரண்டு பேரும் சிரித்தோம். படித்து முடித்து அவர் அதைக் கவரில் போட்டு அலமாரியில் வைத்தபோது அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவரைக் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்த ஃபிளாட்டில் என் சம்பளமும்தான் போகிறது, ஆனால் பத்திரத்தில் என் பேர் கிடையாது. நான் பேசினால் எடுபடாது.

கல்யாணத்தை மட்டும் நல்லபடியாக முடித்துவிடுங்கள். ஓவியாவுக்காகச் சொல்கிறேன்.

சந்திரிகா


அகரம்தென்
22.06.2025

சந்திரிகாவுக்கு,

நானும் உன் அண்ணனும் ஓவியாவும் இருக்கிறோம். சின்னவனுக்குக் குப்பைமேனி அரைத்துப் பூசு, இலை அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கின தண்ணீரில் குளிப்பாட்டு.

நீ வருத்தப்படாதே. உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

இங்கே நிலவரம் இது. லாரிக்காரன் பகல் முழுக்க எடுக்கிறான், நான் போன பிறகும் எடுக்கிறான். விடிந்து நான் வந்து மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர், அப்புறம் காற்று. இரண்டு மணி நேரம் என்பது இப்போதும் இரண்டு மணி நேரம்தான், உன் வீட்டுக்காரர் வாக்குத் தவறவில்லை. அதில் தண்ணீர்தான் இல்லை. அரைக்கீரையும் சிறுகீரையும் போய்விட்டன. புதினா மட்டும் நாலு பாத்தி குடத்தில் மொண்டு ஊற்றிக் காப்பாற்றுகிறேன். அஸ்தினாபுரம் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

தாவீது இப்போது ஓர் அப்பார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் இருக்கிறான். உண்மை தெரிந்து என்னிடம் வந்தான். "அக்கா, வெவசாயத்துக்குன்னு சும்மா குடுக்கற கரண்ட்ல லாரிக்குத் தண்ணி ஏத்தக் கூடாது. ஈ.பி.ல ஒரு மனு எழுதிக் குடுத்தா சர்வீஸையே புடுங்கிடுவான். எழுதிக் குடேன்" என்றான். பிடுங்கினால் எனக்கு மட்டும் தனி மோட்டாரா இருக்கிறது? லாரியும் போகும், என் புதினாவும் போகும். அரை ஏக்கர் வெறும் தரை. அதோடு மேடையில் தாய்மாமன் இல்லாமல் என் பெண் நிற்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வாயை மூடிப் பழக்கப்பட்டவள்தானே.

கல்யாணம் ஆகட்டும். இதை நீ யாரிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

ஜெயக்கொடி


மேடவாக்கம்
10.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். ஆடி முடிந்ததும் பத்திரிகை வைக்க மாமாவோடு வா. சந்திரிகா பட்டுப்புடவை எல்லாம் எடுத்துவிட்டாள். கேட்டால்தான் பதில் சொல்கிறாள், டென்ஷன் போல.

சீர் விஷயத்தில் நீ ஒன்றும் கவலைப்படாதே. தட்டுகள், மேளம், பிரிட்ஜ், எல்லாம் என் பொறுப்பு. மண்டப வாசலில் பெரிய பேனர் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், தாய்மாமன் என்ற முறையில் என் போட்டோ முன்னால் வரும். டிசைன் நன்றாக வந்திருக்கிறது.

இன்னொன்று. லாரிக்காரர் கம்ப்ளைன்ட் பண்ணுகிறார், கிணறு ரொம்ப இறங்கிவிட்டதாம், லோடு குறைகிறதாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, நீ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறாயா? நாம் எழுத்தில் பேசிக்கொண்டபடி இருவரும் நடந்துகொண்டால் பிரச்சினை வராது.

கல்யாணத்தில் பார்ப்போம்.

அன்புடன்,
மோகன்


அகரம்தென்
21.09.2025

திரு. மோகன்ராஜ் அவர்களுக்கு,

ஓவியா பல்லாவரத்தில் நல்லபடியாக இருக்கிறாள். அவள் அப்பாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. சின்னவனின் சொறி ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சீரில் நீ ஒரு குறையும் வைக்கவில்லை. தட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஊரே பேசியது. "தம்பின்னா இப்பிடி இருக்கணும்" என்று சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நீ ஓவியா கழுத்தில் மாலையைப் போட்டபோது நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று வீடியோக்காரர் கிட்டே வந்து எடுத்தார். கிணற்றில் பங்கு கேட்காத வாய்க்கு அம்மா சொன்ன கூலி அன்றைக்கு முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. இனி அந்தக் கணக்கில் நான் உனக்கோ நீ எனக்கோ செய்ய ஒன்றும் இல்லை.

மறுவீட்டுக்கு வந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் பஸ் ஏற்றிவிட்டு, திங்கட்கிழமை மின்வாரிய அலுவலகத்துக்குப் போனேன். விவசாயக் கரண்டில் லாரிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியே கொடு, தேதியும் கையெழுத்தும் போடு என்று பழக்கினவன் நீ. "சும்மா சொன்னா ஆவாதும்மா, ஆதாரம் எதுனா கீதா" என்றார்கள். மே மாதம் நீ எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். தினம் ஆறு லோடு என்று அதில் இருக்கிறது. நீ கதை மாதிரி எழுதுகிறவன் இல்லையே, தெளிவாக இருந்தது.

படித்துவிட்டு அந்த அதிகாரி கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். "கரண்ட கட் பண்ணா உனுக்கும் தண்ணி வராதேம்மா. தெரிஞ்சிதான் குடுக்கறியா" என்றார். தெரிந்துதான் கொடுக்கிறேன் என்று அதையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை வந்து நேரில் பார்த்தார்கள். லாரி அப்போது பைப்பைச் சொருகிக்கொண்டு நின்றது. வயரைக் கழற்றி மோட்டார் ரூமுக்குச் சீல் வைத்தார்கள். அபராதம் உன் பேருக்கு வரும், சர்வீஸ் உன் பேரில்தானே இருக்கிறது. புதினா இரண்டு நாள் தாங்கியது. நேற்றிலிருந்து நான் சேலையூரில் ஒரு நர்சரிக்குக் கூலிக்குப் போகிறேன். அங்கே காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் நின்றேன்.

மண்டபத்தில் கழற்றின பேனரை எனக்குத்தான் கொடுத்தார்கள். வாய்க்காலில் பழையது கிழிந்துபோன இடத்தில் அதை விரித்து மண் அணைத்துவிட்டு வந்தேன், கை பழகிப்போன வேலை. பெண்ணையும் மாப்பிள்ளையையும்விட நீதான் பெரிசாக இருக்கிறாய். வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடக்கிறாய். உன் மேலே ஓடத்தான் தண்ணீர் இல்லை.

கிணற்றில் பாதியை எழுதிக் கொடு என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். இனி எழுத வேண்டாம். உனக்கும் ஒரு சொட்டு இல்லை, எனக்கும் ஒரு சொட்டு இல்லை. அப்பா பாகம் பிரித்ததிலிருந்து நம் இரண்டு பேருக்கும் சரிபாதியாக வந்தது இது ஒன்றுதான்.

ஜெயக்கொடி